தர்ஷிகாவின் சோளப்பொத்தியை நான் ஊதிய கதை

பொறாமை வந்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியுமாம். எனக்குக் காது சுடும். முதலில் இடது காது, பிறகு வலது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் காலமானபோது, அவருடைய செத்தவீட்டுக்கு வந்த சனக்கூட்டத்தைப் பார்த்துக்கூட எனக்குக் காது சுட்டிருக்கிறது. (எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சாகிற எண்ணம் கொஞ்சமும் இருக்கவில்லை.) இப்படிப்பட்ட ஒருத்தியை ஒரு மரபணு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்து, பக்கத்து மேசையில் தர்ஷிகாவை இருத்தினால் என்ன நடக்கும் என்று யாரும் ஊகித்திருக்கலாம். எங்கள் பேராசிரியை ஊகிக்கவில்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடம் கொழும்புக்குள்ளேயே இருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் என்னை மறந்து நிம்மதியாக இருக்கிறார்கள். கட்டடத்தின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம், மேலே பொலித்தீன் கூரை, பக்கங்களில் வலை. உள்ளே வரிசை வரிசையாகச் சோளம். வெளியே கொழும்பு மழை கொட்டும். உள்ளே நாங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விடாமல் காயப்போட்டு, எது தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். சம்பளம் தந்து செய்விக்கப்பட்ட கொடுமை அது.

தர்ஷிகா வெள்ளவத்தைக்காரி. மடிப்புக் கலையாத வெள்ளைக் கைலேஞ்சி, மூன்று அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி, அச்சடித்தது போன்ற கையெழுத்து. என்னைவிட ஆறு மாதம் இளையவள். என்னை 'நீர்' என்றுதான் அழைப்பாள். நான் அவளை முதல் நாளே 'நீ' என்றேன். அதற்குப் பிறகும் அவள் 'நீர்' என்றே சொன்னாள். அந்த மரியாதையிலேயே எனக்கு இடது காது சுடத் தொடங்கிவிட்டது.

அவளுடைய ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் குற்றத்தின் பருமன் விளங்காது.

சோளச் செடியின் உச்சியில் ஆண் பூ இருக்கும். பொத்தி, அதாவது கதிர், இடுப்பில் இருக்கும். பொத்தியின் நுனியில் பட்டுநூல் போல மயிர் தள்ளும். ஒவ்வொரு மயிரும் உள்ளே ஒரு விதைக்குப் போகிறது. ஆண் பூவின் மகரந்தத்தூள் அந்த மயிரில் விழுந்தால்தான் விதை பிடிக்கும். தண்ணீர் இல்லாத காலத்தில் என்ன நடக்கிறதென்றால், ஆண் பூ தன்பாட்டில் பூத்து, தூளைக் கொட்டி முடித்துவிடும். பொத்தி மட்டும் மயிரைத் தள்ளாமல் பிந்திக்கொண்டே இருக்கும். (கலியாணச் சாப்பாடு முடிந்த பிறகு சாறி சரிசெய்துகொண்டு மண்டபத்துக்குள் நுழைகிற எங்கள் பெரியம்மா மாதிரி.) அதனால்தான் வறண்ட பக்கங்களில் பொத்தியை உரித்தால் பல் விழுந்த வாய் போல அங்கொன்று இங்கொன்றாக விதை இருக்கும்.

பிந்தாத சோளம் ஒன்றை உண்டாக்குவதுதான் தர்ஷிகாவின் வேலை. பழைய உள்ளூர் இனம் ஒன்றில் அந்தக் குணம் இருந்தது, ஆனால் விளைச்சல் இல்லை. நல்ல விளைச்சல் தரும் வெள்ளைச் சோளம் ஒன்றோடு அதை இணைத்து, பிறந்த பிள்ளைகளில் எதற்கு இரண்டு குணமும் வந்திருக்கிறது என்று தேடினாள். முன்பு என்றால் எல்லாவற்றையும் வளர்த்துக் காய்க்கவிட்டுத்தான் பார்க்கவேண்டும். இப்போது நாற்றாக இருக்கும்போதே இலையில் பொட்டளவு வெட்டி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, வேண்டிய துண்டு இருக்கிறதா இல்லையா என்று அறிந்துவிடலாம். நூற்றுக்கணக்கான நாற்றுகளின் இலையை அவள் வெட்டினாள். வேண்டிய துண்டு எல்லாம் சேர்ந்து இருந்தது ஒரேயொரு நாற்றில்.

அந்த ஒரு செடிக்கு அவள் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். மெடம் (எங்கள் பேராசிரியையை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம்) காலையில் வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

எனக்குக் கிடைத்தது ஊதாச் சோளம். விதை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தில் உடம்புக்கு நல்லது ஏதோ இருக்கிறது என்று நிரூபிக்கவேண்டியது நான். ஆனால் நான் நிரூபிப்பதற்கு முன்பே படைப்புழு வந்து, அது சாப்பிட நல்லதுதான் என்று தன்பாட்டில் நிரூபித்துவிட்டுப் போனது. ஒரே கூரைக்குக் கீழே, பத்து அடி இடைவெளியில், என் செடிகளின் இலை சல்லடை. அவளுடைய இலை வாழையிலை. ஆய்வுகூடத்திலும் அதே கதைதான். அவள் மரபணுவைப் பிரித்துப் படம் எடுத்தால் கோடு கோடாக அழகாக விழும். நான் எடுத்தால் மழையில் நனைந்த தேர்தல் சுவரொட்டி.

"ஷெரின், தர்ஷிகா எப்படிச் செய்கிறாள் என்று ஒருமுறை பாரும்" என்று மெடம் ஆங்கிலத்தில் சொல்வார். வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார். நான் பார்த்தேன். அதுதான் பிரச்சினையாகப் போனது.

அந்த வருடம் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்ப மெடத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒருவரை மட்டும். அறுவடை நாளன்று, விருந்தினர் முன்னிலையில், யார் என்று அறிவிப்பதாகச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "ரெண்டு பேரில ஒராள்" என்று சொன்னேன். அம்மா அன்றைக்கே குளிர்ச் சட்டை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை, தேநீர் அறையில், தர்ஷிகா சாதாரணமாகச் சொன்னாள்:

"ஷெரின், என்ட செடி மயிர் தள்ளீட்டுது. ஆண் பூ பூத்து ரெண்டே நாள்தான். தண்ணி விட்டு மூண்டு கிழமையாகுது தெரியுமே?"

"ரெண்டு நாளிலயோ?"

"ஓம். எனக்கே நம்ப ஏலாமக் கிடக்கு. பத்து மணிக்கு மகரந்தம் போடப் போறன்."

அவள் நம்பமுடியவில்லை என்றது பணிவில். நான் உண்மையிலேயே நம்பவில்லை. இரண்டு நாள்! பொய் சொல்கிறாள், அல்லது எண்ணத் தெரியவில்லை, அல்லது யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று என் மூளை மூன்று வழியாக ஓடியது. இரண்டு காதும் சுட்டன.

அப்போது மணி ஒன்பது. நான் என் வரிசையில் மகரந்தம் சேகரிக்கப் போனேன். ஆண் பூவில் கடதாசி உறை மாட்டி, தட்டினால் மஞ்சள் தூள் உறைக்குள் கொட்டும். பிறகு அதைப் பொத்தி மயிரில் தூவவேண்டும். தூவி முடித்து, மிச்சத் தூளோடு அந்த உறையை மடித்துச் சட்டைப்பையில் செருகினேன். உறையை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடவேண்டும் என்பது விதி. சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியது தர்ஷிகா, ஆகையால் நான் அதை வாசிப்பதில்லை.

கூடாரத்தில் வேறு யாரும் இல்லை. சிவப்பு நாடாச் செடி பத்து அடி தள்ளி நின்றது.

பொத்திக்கு உறை போட்டு மூடி வைத்திருந்தாள். வேறு எந்த மகரந்தமும் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த உறை. அதைத் திறக்கக்கூடாது என்பது முதல் வருடத்தில் முதல் வாரத்தில் படிப்பது. நான் திறக்கவில்லை. கொஞ்சம் உயர்த்தினேன். (நீதிமன்றத்தில் இதற்கு வித்தியாசம் உண்டு என்று என் அண்ணா பிறகு சொன்னார்.)

உயர்த்திப் பார்த்தால், உள்ளே பொன்னிறத்தில், ஈரப்பசையோடு, ஒரு முழப் பெண்பிள்ளைத் தலைமயிர் போல அவ்வளவு மயிர். மூன்று கிழமை தண்ணீர் காணாத செடியில். அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. சரியாகப் பார்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த உறை தலைகீழாகி, மிச்சத் தூள் அப்படியே கொட்டியது.

மஞ்சள் தூள். பொன் மயிரின் மேல். மாப்பிள்ளைக்கு அட்சதை போட்ட மாதிரி.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பாள். தர்ஷிகா அந்த மயிரை வெட்டிவிட்டு, புதிதாக வளரும் வரைக்கும் ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். புத்தி கொஞ்சம் குறைந்த பெண் உறையை மூடிவிட்டு ஓடியிருப்பாள். நான் இரண்டும் செய்யவில்லை. தூசு விழுந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்.

ஊதினேன்.

நன்றாக, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, இரண்டு தடவை ஊதினேன். மேலே கிடந்த தூள் உள்ளே உள்ளே போய் ஒவ்வொரு மயிரிலும் ஒட்டிக்கொண்டது. கையால் செய்திருந்தால்கூட அவ்வளவு சீராகத் தூவியிருக்க முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த மகரந்தச் சேர்க்கை அதுதான்.

உறையை இழுத்து மூடி, கிளிப்பை மாட்டிவிட்டு வந்து, நல்ல பிள்ளையாகத் தேநீர் குடித்தேன். பத்து மணிக்குத் தர்ஷிகா போய், அதே செடியின் சொந்த மகரந்தத்தைப் போட்டு, திகதி எழுதி, மூடிவிட்டு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் தூள்தானே, அவளுடையது அதிகம் இருக்கும், என்னுடையது தோற்றுப்போகும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவளோடு நான் போட்டியிட்ட எல்லாவற்றிலும் தோற்றிருந்தேன். இதிலும் தோற்பேன் என்று நம்பியது தப்பா?

ஒரு மூன்று கிழமை போயிருக்கும். ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணா என்னைக் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அண்ணாவின் பெயர் ரொஷான், துறைமுகத்தில் எழுதுவினைஞர். என் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, "சோளத்துக்கு இரத்தம் பரிசோதிக்கிறவள்" என்பது மட்டும். அவித்த சோளம் ஆளுக்கொன்று வாங்கினார். அவருடைய பொத்தியில் மஞ்சள் விதைகளுக்கு நடுவில் அங்கங்கே வெள்ளை விதை.

"இது ஏனடி ரெண்டு கலர்?"

அண்ணா என் தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணா, இப்ப ஒரு பழம் எண்டா, தாய் மரம் எப்பிடியோ அப்பிடித்தான் தோல் இருக்கும். தகப்பன் ஆரெண்டு வெளியில தெரியாது. சோளம் அப்பிடியில்ல. ஒவ்வொரு விதைக்கும் தனித்தனித் தகப்பன். மகரந்தம் எங்கயிருந்து வந்ததோ அந்தக் கலர் அந்த விதையிலேயே, அதே பொத்தியிலேயே தெரிஞ்சிடும். இப்ப வெள்ளைச் சோளத்தில ஊதாச் சோளத்திட மகரந்தம் விழுந்தா, அந்த விதை..."

வாய் திறந்தபடி நின்றது. வாய்க்குள் சோளமும் இருந்தது.

"அந்த விதை?" என்றார் அண்ணா.

"வீட்ட போவம்."

"என்னடி, இப்பதானே வந்தனாங்கள்!"

இதை நான் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். படம்கூட வரைந்திருந்தேன். ஆனால் தர்ஷிகாவின் பொத்தி முன்னால் நின்றபோது ஒரு எழுத்தும் நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸில் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அப்ப, நீ ஊதினபடியாத்தான் ஊதா" என்றார். சொல்லிவிட்டு மருதானை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குத் தந்தை நல்லவர், ஆனால் தாவரவியல் படித்தவரல்ல.

"ஃபாதர், நான் வேற ஒரு பிள்ளையிட பொத்தியிட உறையைத் தூக்கிப் பாத்திட்டன்."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கதிரை கிரீச்சிட்டது.

"களவெடுத்தனீரோ பிள்ளை?"

"இல்ல ஃபாதர். பாத்தனான்."

"பாத்தது மட்டும்தானோ?"

"ஊதினனான்."

கடைசியில், "என்ன காரணத்துக்காக?" என்றார்.

"பொறாமை, ஃபாதர்."

அது அவருக்கு விளங்கியது. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்படியும், அந்தப் பிள்ளையிடம் நேரே போய்ச் சொல்லும்படியும் கட்டளையிட்டார். முதலாவதை நான் முப்பது தடவை செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை. கணக்குக்குச் சரியாக வரும் என்று நினைத்தேன்.

அறுவடை நாளுக்கு மெடம் பட்டுச் சாறி உடுத்து வந்தார். ஆராய்ச்சிக்கு உதவி செய்யும் அலுவலகத்திலிருந்து நான்கு பேர், வவுனியாப் பக்கமிருந்தும் அனுராதபுரப் பக்கமிருந்தும் சோளம் செய்கிற விவசாயிகள் ஆறு பேர். கூடாரத்தை ஒட்டிய அறையில் மேசை, மேலே வெள்ளைத் துணி. துணியின் நடுவில், உரிக்கப்படாமல், சிவப்பு நாடாப் பொத்தி. அதைச் சுற்றி யாரோ பூ வைத்திருந்தார்கள். நான் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மெடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினார். தர்ஷிகா தமிழில் பேசினாள். மழை பொய்த்தாலும் பொத்தி பிந்தாது, இரண்டு மூன்று தலைமுறை இப்படியே பெருக்கினால் விதை உங்கள் கைக்கு வரும் என்று அவள் சொன்னபோது, வவுனியாவிலிருந்து வந்த ஒருவர், மெலிந்த மனிதர், கையை மடியில் கோத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன போகம் தனக்கு முழுவதும் எரிந்து போனதென்று அவர் தேநீர் நேரத்தில் சொல்லியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக எனக்கு, இது தர்ஷிகாவின் பொத்தி மட்டும் அல்ல என்று உறைத்தது. நான் ஊதியது இந்த மனிதரின் மேலும்தான்.

"இப்போது திறக்கலாம்" என்றார் மெடம்.

தர்ஷிகா மடலை ஒவ்வொன்றாக உரித்தாள். நான் மாதாவை வேண்டினேன். மூன்றாவது மடல் விழுந்தது. நுனி முதல் அடி வரை இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக, முத்து முத்தாக விதை. எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் இடையில் நிறுத்தினார்கள்.

வெள்ளை முத்துகளுக்கு நடுவில், சின்னம்மை போட்டது போல, ஊதா.

"மே மொக்கத?" என்றார் மெடம். இது என்ன என்று அர்த்தம். மெடம் கூட்டங்களில் சிங்களத்தில் அதிர்ச்சியடைந்தால் நிலைமை மோசம் என்று எங்களுக்குத் தெரியும்.

வவுனியாக்காரர்தான் எழுந்து, பொத்தியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, கிட்டடியில எங்கயாவது கத்தரிப்பூக் கலர்ச் சோளம் நிக்குதோ?"

நின்றது. பத்து அடி தள்ளி. 'ஷெரின்' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்து நின்றது. அந்தப் பலகையை நான்தான் பெருமையாக எழுதிக் குத்தியிருந்தேன். வலைக்கூடாகப் பத்துத் தலைகள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின.

தர்ஷிகா மட்டும் திரும்பவில்லை. அவள் பொத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மெடம், அண்டைக்கு நல்ல காத்து. நான் உறையைச் சரியா மூடேல்லைப் போல. என்ட பிழைதான்."

அவளுக்குத் தெரியும். அவள் ஒருநாளும் உறையைச் சரியாக மூடாமல் விட்டதில்லை. நான் கிளிப்பைத் தலைகீழாக மாட்டியிருந்ததை அன்று பத்து மணிக்கே கண்டிருக்கிறாள். (இதைப் பிறகு அவளே சொன்னாள்.) கண்டும், தான்தான் கவனமில்லாமல் மாட்டினேன் என்று எண்ணியிருக்கிறாள். அந்த நிமிடம் மேசையில் இருந்த நிறத்தைப் பார்த்ததும்தான் எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கியும் என்னைக் காப்பாற்றுகிறாள்.

நான் திருந்தியதால் அடுத்த காரியத்தைச் செய்தேன் என்று எழுத ஆசைதான். பாவசங்கீர்த்தனத்தின் பலன் என்று ஃபாதருக்கும் சந்தோஷமாக இருக்கும். உண்மை அதுவல்ல. கோட்டிலும் அவள் முதல், இலையிலும் அவள் முதல், கையெழுத்திலும் அவள் முதல். இப்போது இத்தனை பேர் முன்னிலையில் நல்ல மனசிலும் அவள்தான் முதலாவதாக வரப்போகிறாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்ல மெடம்!" என்று கத்தினேன். "காத்து இல்ல. நான்தான். நான் ஊதினனான்!"

விருந்தினருக்காக மெடத்தின் உதவியாளர் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'ஊதினனான்' என்பதற்கு அவருக்கு உடனே சொல் வராமல், தன் கன்னத்தை உப்பிச் செய்து காட்டினார். அலுவலகத்திலிருந்து வந்த நால்வரில் ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மெடம் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விருந்தினர் போனபிறகு என்னை அழைத்து, பொத்தியை முன்னால் வைத்து, நிதானமாகச் சொன்னார்: "உன்னுடைய செடி ஊதாவாக இருந்தபடியால் தப்பினோம். நிறம் வந்த விதை எல்லாம் உன்னுடையது. மிச்சம் எல்லாம் சுத்தம். நீ ஒரு வெள்ளைச் சோளத்தோடு வேலைசெய்து கொண்டிருந்தால், எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. மூன்று வருடம் பிழையான விதையைப் பெருக்கி அந்த மனிதர்களிடம் கொடுத்திருப்போம்." பிறகு ஒரு இடுக்கியைத் தந்தார். "எடு. ஒன்று விடாமல்."

நானும் தர்ஷிகாவும் எதிரெதிரே இருந்து எடுத்தோம். ஒரு பின்னேரம் முழுக்க. அவள் வரிசை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். முடிவில், "கடைசி வரிசையில ஒண்டு விட்டிட்டீர்" என்றாள். விட்டிருந்தேன்.

பயிற்சிக்குத் தர்ஷிகாதான் போவதென்று மெடம் அறிவித்தார். அம்மா வாங்கி வைத்திருந்த குளிர்ச் சட்டையை அண்ணாவுக்குக் கொடுத்தார். கொழும்பில் அதை எங்கே போடுவது என்று அண்ணா கேட்கவில்லை.

(விபத்தாக நடந்த பிழையிலிருந்து பெரிய கண்டுபிடிப்பு வந்த கதைகளை நானும் வாசித்திருக்கிறேன். ஆகவே அந்த ஊதா விதைகளை இரகசியமாக எடுத்துப்போய் எங்கள் மொட்டைமாடியில் நட்டேன். உலகத்துக்குத் தேவையான ஏதோ ஒன்று அதற்குள் இருக்கும் என்று நம்பினேன். ஒரு முழம் வளர்ந்தன. காகம் பிடுங்கிக்கொண்டு போனது.)

மன்னிப்புக் கேட்காமல் தர்ஷிகாவை விமானம் ஏற விடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னார். தனியே போகப் பயமாக இருந்ததால் அண்ணாவைக் கூட்டிப்போனேன். வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு நான்காம் மாடி, லிஃப்ட் பழுது. அம்மா அவித்த வட்டிலப்பத்தை அண்ணா இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்தது தர்ஷிகா. நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்த மன்னிப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"பரவாயில்ல ஷெரின். எனக்கும் உம்மில ஒரு பொறாமை இருந்தது" என்றாள்.

"என்னிலயோ? எதுக்கு?"

"நீர் ஆக்களோட சிரிச்சுச் சிரிச்சுக் கதைப்பீர். எனக்கு அது வராது."

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அது ஒரு நிமிடம்தான் நீடித்தது. ஏனென்றால் அண்ணா வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சி அண்டைக்கு அரைவாசியில விட்டிட்டா. வெள்ளைச் சோளத்தில ஊதா விழுந்தா அந்த விதை என்ன ஆகும்?" என்று அவளிடம் கேட்டார். அவள் விளக்கத் தொடங்கினாள். கடதாசி எடுத்தாள். படம் வரைந்தாள். நான் பேசினால் இரண்டு நிமிடத்தில் கொட்டாவி விடுகிற என் உடன்பிறந்த அண்ணன், இரண்டு மணித்தியாலம் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு வராது என்றாளே, அந்தச் சிரிப்பு.

ஆறு மாதம் அவள் வெளிநாட்டில் இருந்தபோது அண்ணாவின் தொலைபேசி ஓயவே இல்லை. அவள் திரும்பி வந்ததும் விஷயம் அம்மாவின் காதுக்குப் போனது. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வேதக்காரப் பிள்ளையோ?" ஓம், கத்தோலிக்கப் பிள்ளைதான் என்றதும் முடிந்தது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் கலியாணம். என்னைவிட ஆறு மாதம் இளையவளை நான் அன்றிலிருந்து 'அண்ணி' என்று அழைக்கிறேன். அவள் இன்றும் என்னை 'நீர்' என்கிறாள்.

அம்மாவுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் தர்ஷிதான். ரசத்துக்கு உப்புப் பார்ப்பது தர்ஷி, சாறிக்கு நிறம் பார்ப்பது தர்ஷி. "தர்ஷி எப்பிடிச் செய்யிறா எண்டு ஒருக்காப் பாரன்" என்று என்னிடம் சொல்வார். மெடத்திடம் இருந்து தப்பி வந்து அம்மாவிடம் மாட்டினேன். நான் ஆராய்ச்சியை விட்டு, வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். சோள விதையின் நிறம் பற்றி யாராவது கேட்டால், அது சோதனைக்கு வராது என்று சொல்லிவிடுவேன்.

கலியாணம் முடிந்து அடுத்த வருடம் தர்ஷிகாவின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் வரிசையில் என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நன்றி சொல்லும் பகுதியிலும் இல்லை. செய்முறைப் பகுதியின் நடுவில் ஒரு வரி இருந்தது. அதை அண்ணி ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டு மேசையில், அம்மாவுக்காகத் தமிழாக்கி வாசித்தாள்:

"ஒரு பொத்தியில் வெளி மகரந்தத்தால் உண்டான நிற விதைகள் கண்ணால் இனங்கண்டு நீக்கப்பட்டன."

"அதாரு பிள்ளை, வெளி மகரந்தம்?" என்று அம்மா கேட்டார்.

அண்ணி அடுத்த வரிக்குப் போனாள், அவள் அப்படிப்பட்டவள். அண்ணாதான் கையிலிருந்த கரண்டியால் என்னைக் காட்டினார்.

விஞ்ஞானத்துக்கு நான் செய்த பங்களிப்பு முழுவதும் அந்த ஒரு வரிதான். பெயர் நிலைத்துவிட்டது. அண்ணாவின் தொலைபேசியில் என் எண்ணுக்கு அந்தப் பெயர்தான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், வெளியிலிருந்து வந்தவள் அவள். அதை நான் பல தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பலனில்லை. போன ஞாயிறும் நான் வகுப்பு முடித்துவந்து படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கையில், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

"தர்ஷி, வெளி மகரந்தம் வந்திட்டுது. கறிச்சட்டியை மூடும் பிள்ளை!"